சிறைக்கு மாற்றாக ஒரு நீதிமன்றம்



குற்றம் புரிந்தவர்க்குரிய இடம் நீதிமன்றம். நோயுற்றவர்க்குரிய இடம் மருத்துவமனை. இதில் ஐயமில்லை. ஆனால் குற்றம் புரிந்தவரும் நோயுற்றவரும் ஒருவரேயானால் அவரை எங்கே அனுப்புவது? போதைப் பழக்கத்துக்கு அடிமையாகி, அப்பழக்கத்தின் பொருட்டே போதைப்பொருளை வாங்கி வைத்திருந்தும், அதற்குப் பணம் வேண்டிச் சிறு களவுகளில் ஈடுபட்டும் பிடிபடுகின்றவரைப் பற்றிய கேள்வி இது. அமெரிக்க நாட்டு நீதித்துறை 1989ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டது. ‘போதைப்பொருள் நீதிமன்றம்’ என்பது அவ்விடையின் பெயர். அது தோன்றிய வகை, நடைபெறும் முறை, விளைந்த பயன், அதன்மீது எழுந்த குறை ஆகிய நான்கும் இவ்வுரையின் பொருளாகும்.

தோற்றம்

1962ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராபின்சன் எதிர் கலிபோர்னியா என்னும் வழக்கில் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. போதைக்கு அடிமையாக இருக்கும் நிலையையே குற்றமாகக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது, நோயாளியை நோயின் பொருட்டுத் தண்டிப்பதற்கு ஒப்பாகும். அது அரசியலமைப்புக்கு முரணானது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் போதைப்பொருளை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றங்களாகவே நீடித்தன. அடிமைப்பட்டவர் அவற்றைச் செய்யாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது. ஆகவே, தீர்ப்பு அவருக்குத் தந்த காப்பு ஏட்டளவில் நின்றது.

1980களில் ‘கிராக்’ எனப்படும் மலிவான கோகெய்ன் வகை அமெரிக்க நகரங்களில் பரவியது. புகைத்தவுடன் வெறியேற்றும் இப்பொருள் ஏழை மக்கள் வாழும் தெருக்களைச் சூறையாடியது. அரசு கடுஞ்சட்டத்தால் இதற்கு மறுமொழி தந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தவருக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை; தூள் கோகெய்னாயின் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். ஒரே நஞ்சின் இரு வடிவங்களுக்கு இடையே நூறு மடங்கு வேறுபாடு. இச்சட்டத்தின் சுமை பெரும்பாலும் கறுப்பின மக்களின் தோள்களிலேயே விழுந்தது. 2010ஆம் ஆண்டில்தான் இவ்வேறுபாடு பதினெட்டு மடங்காகக் குறைக்கப்பட்டது.

போதைப்பொருள் கடத்தலின் நுழைவாயிலாக விளங்கிய நகரம் புளோரிடா மாநிலத்து மயாமி. அங்குள்ள சிறைகள் நிரம்பி வழிந்தன. ஏற்றச்சால் கிணற்றுக்குள் இறங்குவதும் மேலேறுவதும் போல, அதே ஆட்கள் சிறைக்குள் செல்வதும் வெளியே வருவதுமாக இருந்தனர். உள்ளிருந்த காலத்தில் நோய்க்கு மருந்தில்லை. வெளிவந்த நாளில் பழைய தெரு, பழைய நண்பர், பழைய பசி. இவ்வகையில் எத்தனை சிறைகள் கட்டினாலும் போதாது என்பதைத் தலைமை நீதிபதி ஜெரால்டு வெதரிங்டன் உணர்ந்தார். மாற்று வழி காணும் பொறுப்பு நீதிபதி ஹெர்பெர்ட் கிளைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசுத் தலைமை வழக்குரைஞராக இருந்த ஜேனட் ரீனோவும், ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்குரைஞர் பென்னட் பிரம்மரும் இம்முயற்சியில் கைகோத்தனர். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்று வாதிடுகின்ற இரு தரப்பாரும் ஒரே நோக்கத்துக்காக ஒன்றுகூடியதே இதிலுள்ள புதுமை. 1989இல் தோன்றிய அம்மன்றத்தில் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் முதன்முதலாக அமர்ந்தார். 1993இல் ரீனோ நாட்டின் முதல் பெண் தலைமைச் சட்ட அதிகாரியானார். 1994ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் இம்மன்றங்களுக்கு மைய அரசின் நிதியுதவிக்கு வழி வகுத்தது. இன்று இவ்வகை மன்றங்களும் இவற்றிலிருந்து கிளைத்த பிற சிகிச்சை மன்றங்களும் அந்நாட்டில் ஏறத்தாழ 4,000 உள்ளன.

நடைமுறை

கைதானவர் அனைவரும் இங்கே வர இயலாது. வன்முறைக் குற்றம் புரிந்தோரையும் பெரு வணிகம் செய்தோரையும் பெரும்பாலான மன்றங்கள் ஏற்பதில்லை. தகுதியுடையவரிடம் இரு வழிகள் காட்டப்படும். வழக்கமான விசாரணை, தண்டனை என்பது ஒன்று. ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை பெறுவது மற்றொன்று. இரண்டாவதை விரும்பி ஏற்பவரின் வழக்கு சில மன்றங்களில் நிறுத்தி வைக்கப்படும். வேறு சிலவற்றில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னர்த் தண்டனை மட்டும் நிறுத்தி வைக்கப்படும். சிகிச்சை முற்றுப்பெற்றால் வழக்குத் தள்ளுபடியாகும் அல்லது தண்டனை நீங்கும், குறையும்.

சிகிச்சை வெளியே நடைபெறும். கணக்கு மன்றத்தில் தீரும். வாரத்தில் இருமுறையேனும், முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ச் சோதனை உண்டு. ஆற்றுப்படுத்துநரைக் காணுதல், குழுக் கூட்டங்களில் கலந்துகொள்ளுதல், படிப்போ வேலையோ தேடிக்கொள்ளுதல் என ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் குறிக்கப்படும். தொடக்கத்தில் வாரந்தோறுமோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ அவர் நீதிபதியின் முன் நிற்க வேண்டும். அதற்கு முன்னதாகவே நீதிபதி, இருதரப்பு வழக்குரைஞர், நன்னடத்தை அலுவலர், சிகிச்சையாளர் ஆகியோர் கூடி அவரது நிலையை ஆராய்ந்திருப்பர்.

வழக்கமான நீதிமன்றத்தில் நீதிபதி வழக்கறிஞரிடம் பேசுவார். குற்றம் சாட்டப்பட்டவர் தம்மைப் பற்றிய பேச்சைத் தாமே வேற்றாளாய் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். இங்கோ நீதிபதி நேரே அவரிடம் பேசுகிறார். வேலை கிடைத்ததா, குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்ததா, சென்ற வாரம் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று பெயர் சொல்லி வினவுகிறார். ஒவ்வொருவரிடமும் மூன்று நிமிடமேனும் பேசும் நீதிபதிகளின் மன்றங்களில் மீண்டும் குற்றம் புரிவோர் தொகை மற்றவற்றைவிட மிகுதியாகக் குறைகிறது என்று ஆய்வாளர் கண்டனர். மூன்று நிமிடம் சிறு பொழுதுதான். ஆயினும் பல்லாண்டுகளாகத் தம்மை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்று எண்ணியிருந்தவர்க்கு, உயர்ந்த இருக்கையில் அமர்ந்த ஒருவர் தம் சொல்லை நினைவில் வைத்திருந்து மறுமுறை கேட்பது பெரும்பொருள்.

பரிசும் தண்டனையும் இங்கே சிறியவை. ஆனால் உடனுக்குடன் வருபவை. ஒழுங்காக நடந்தவர்க்கு அவையோர் கைதட்டிப் பாராட்டுவர். சிறு பரிசுச்சீட்டு கிடைக்கும். வருகை நாள்கள் குறையும். தவறியவர்க்குக் கண்டிப்பு, கட்டுரை எழுதுதல், பொதுப்பணி, ஜூரி இருக்கையில் நாள் முழுதும் அமர்ந்து பிறர் வழக்குகளைக் கேட்டல், இறுதியாகச் சில நாள் சிறை எனப் படிப்படியாகக் கடுமை ஏறும். என்றோ வரக்கூடிய பத்தாண்டுச் சிறையை எண்ணி இன்றைய வேட்கையை அடக்கும் ஆற்றல் போதை நோயாளிக்கு இல்லை. நாளைக் காலை உறுதியாக வரும் சிறு தண்டனை அவர் மனத்தில் பதிகிறது. வகுப்பறையை அறிந்தோர் இவ்வுண்மையையும் அறிவர்.

தவறுகளுள்ளும் வேறுபாடு காணப்படுகிறது. நெடுநாள் அடிமைப்பட்டவர் முதல் மாதத்திலேயே முற்றிலும் விடுபடுவார் என்று நன்கு நடைபெறும் மன்றம் எதிர்பார்ப்பதில்லை. மீண்டும் ஒருமுறை சறுக்குவது நோயின் இயல்பு; அதற்குச் சிகிச்சையே மாற்றியமைக்கப்படும். ஆனால் வர வேண்டிய நாளில் வராமலிருப்பதும், சோதனையில் ஏமாற்ற முயல்வதும், பொய் சொல்வதும் அவர் விருப்பத்துக்கு உட்பட்டவை. அவற்றுக்கே முதல் நாள் தொட்டுத் தண்டனை உண்டு. இயலாமையைப் பொறுத்துக்கொண்டு பொய்ம்மையைப் பொறாதிருக்கும் இந்நுட்பமே இம்முறையின் உயிர்நாடி.

உளநல ஆலோசனையைத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று வழங்குகிறோம். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொருவனை எதிர்ப்பட்டுத் தான் பெற்ற செல்வத்தைக் கூறி, அதனைப் பெறும் வழியைக் காட்டுவதே சங்ககாலத்து ஆற்றுப்படையின் அமைப்பு. போதைப்பொருள் நீதிமன்றங்கள் பலவற்றிலும் மீண்டு எழுந்தவர்கள் புதிதாக வருவோர்க்குத் துணைவராக நிற்கின்றனர். 2008ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் முன்னாள் படைவீரர்க்கெனத் தனி மன்றம் அமைத்தபோது, முன்னாள் வீரர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தினார். போர்க்களம் கண்டவரின் உள்ளத்தைப் போர்க்களம் கண்டவரே அறிவர் அன்றோ?

பயன்

நல்லெண்ணம் மட்டுமே ஒரு முறையைச் சிறந்ததாக்கிவிடாது. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 23 போதைப்பொருள் நீதிமன்றங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பங்கேற்றோரையும் பங்கேற்காத ஒத்த நிலையினரையும் ஒப்பிட்டு ஆராயச் செய்தது. முடிவுகள் 2011இல் வெளிவந்தன. ஒன்றரை ஆண்டு கழித்து நேர்காணல் செய்தபோது, அதற்கு முந்தைய ஓராண்டில் போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகக் கூறியோர் பங்கேற்றவருள் நூற்றுக்கு 56, மற்றவருள் 76. குற்றச்செயல் புரிந்ததாகக் கூறியோர் பங்கேற்றவருள் நூற்றுக்கு 40, மற்றவருள் 53.

இவ்வெண்களை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். இவ்வழி சென்றும் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் மீண்டும் போதையைத் தொட்டுள்ளனர். இது மாயம் செய்யும் மருந்தன்று. ஆயினும் நூற்றுக்கு இருபது பேர் கூடுதலாக விலகி நிற்பதென்பது, இருபது தாய்மார்கள் இரவில் அச்சமின்றிக் கண்ணயர்வது எனப் பொருள்படும்.

குறை

சிறையை விட நல்லதென்பதாலேயே ஒன்று குறையற்றதாகிவிடாது. முதற்குறை, தோற்பவர் நிலை பற்றியது. குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு மன்றத்தில் சேர்ந்தவர் இடையில் விலக்கப்பட்டால், வாதாடும் வாய்ப்பையும் இழந்து தண்டனையையும் ஏற்கிறார். இடையே பல முறை சில நாள் சிறை இருந்ததையும் கூட்டினால், சிகிச்சையை நாடாதவரை விட நாடியவர் நெடுநாள் சிறையில் கழிக்க நேர்வதும் உண்டு. இரண்டாவது, எளிதில் திருந்தக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்து, கடும் நோயாளிகளைப் புறந்தள்ளுவது. மீண்டும் தவறும் வாய்ப்பு மிக்கவர்க்கும், நோய் முற்றியவர்க்குமே இம்முறை உரியது என்று நீதிமன்ற வல்லுநர்கள் 2013இல் வகுத்த நெறிமுறை வலியுறுத்துகிறது.

மூன்றாவது குறையே மிகக் கொடியது. ஹெராயின் போன்ற அபின் வகை அடிமைத்தனத்துக்கு மெதடோன், புப்ரெனார்பின் என்னும் மருந்துகள் நல்ல பயன் தருவதையும் உயிரிழப்பைக் குறைப்பதையும் மருத்துவ உலகம் ஐயமற நிறுவியுள்ளது. ஆயினும் நீதிபதிகள் சிலர், ஒரு போதைக்கு மாற்றாக மற்றொரு போதையா என்று கருதி அவற்றைத் தடை செய்தனர். மருந்தை நிறுத்தினால்தான் மன்றத்தில் இடம் என்றனர். மருந்தை நிறுத்திய நோயாளியின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். மீண்டும் ஒருமுறை தவறினால் உயிரே போகும். 2015ஆம் ஆண்டு முதல், இவ்வாறு தடை செய்யும் மன்றங்களுக்கு மைய அரசின் நிதி மறுக்கப்பட்டது. 2022இல் அமெரிக்க நீதித்துறை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் இத்தடை முறையற்றதெனக் கூறிப் பென்சில்வேனியா மாநில நீதிமன்ற அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தது. பரிவுடைய நீதிபதியும் தமக்குரிய எல்லையை மறந்தால் தீங்கே விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்தியச் சட்டத்தில் உள்ள வாயில்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று ஒதுக்குதற்கில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமைக்குப் பெயர்பெற்றது. ஆயினும் அதனுள்ளும் கருணையின் வாயில்கள் இரண்டு உள்ளன. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறு அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ தண்டனைக்குரியவராகும் அடிமைப்பட்டவரை, அவர் இசைவோடு, உடனே சிறைக்கு அனுப்பாமல், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதற்காகப் பிணையில் விடுவிக்க 39ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஓராண்டுக்குள் சிகிச்சையின் பயன் குறித்த அறிக்கையை அவர் மன்றத்தில் அளித்தல் வேண்டும். இத்தகைய வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர் தாமே விரும்பிச் சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து காப்பு அளிக்கிறது. சிகிச்சையை முடிக்காவிடின் அக்காப்பு திரும்பப் பெறப்படலாம்.

சட்டத்தில் வாயில் இருந்தும் அதனை அறிந்தோர் சிலரே. பிள்ளையின் பழக்கம் தெரிந்ததும் குடும்ப மானம் கருதி மூடி மறைப்பதும், காவல்துறை கைது செய்தபின் பிள்ளையே இல்லை என்று கைவிடுவதும் என இரு எல்லைகளில் குடும்பங்கள் நிற்கின்றன. மறைத்த காலமெல்லாம் நோய் வளரும் காலம். கைவிட்ட நாளோ நோயாளி தெருவுக்கு உரியவராகும் நாள். இரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதை மயாமியில் தோன்றிய மன்றம் காட்டுகிறது. தவற்றைத் தவறென்றே சொல்லுதல், பொய்க்கு இடங்கொடாமை, குறித்த நாளில் குறித்த கேள்வியைத் தவறாமல் கேட்டல், மருந்தை மருத்துவர் கையில் விடுதல், சறுக்கிய நாளிலும் பெயர் சொல்லி அழைத்தல் என்பனவே அவ்வழி. நீதிபதி ஒருவர் முன்பின் அறியாத அயலார்க்கு இவற்றைச் செய்ய இயலுமாயின், பெற்றோரும் உடன்பிறந்தாரும் தம்மவர்க்குச் செய்ய இயலாதோ?

கண்டிப்பு கருணையை விட்டுப் பிரிந்தால் சிறையாகிறது. கருணை கண்டிப்பை விட்டுப் பிரிந்தால் நோய்க்குத் துணையாகிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் இல்லத்தில், விழுந்தவர் எழுவதற்கு ஒரு கை எப்போதும் நீண்டிருக்கும்.