ஒரு அங்குலம்னு சொன்னாங்க

இந்த எபிசோட்ல கோடும் இல்ல, இன்டர்வியூ டிப்ஸும் இல்ல. நான் ஒரு பஸ்ஸுக்குள்ள ஆறரை மணி நேரம் மாட்டிக்கிட்ட கதை. அதைச் சொல்லிட்டு, அன்னிக்கு வானிலை முன்னறிவிப்பு ஏன் சொதப்புச்சுன்னு கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. நியூஜெர்சியில எம்.எஸ். சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. வாழ்க்கையில பனின்னா எனக்குத் தெரிஞ்சது மார்கழி மாசம் பைக் சீட்ல படிஞ்சிருக்குமே, அதுதான். காலையில போன்ல பார்த்தேன்: ஒரு அங்குலம் பனி, அப்புறம் மழை. ஒரு அங்குலம்னா ரெண்டரை சென்டிமீட்டர். அதுக்கெல்லாம் யார் பூட்ஸ் வாங்குவா? கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு கிளம்பிட்டேன்.

மதியம் பனி ஆரம்பிச்சுது. மூன்றரைக்கு பஸ் ஏறினேன். வழக்கமா இருபத்தஞ்சு நிமிஷப் பயணம். அரை மணி நேரத்துல ஒரு மேட்டுக்குக் கீழே பஸ் நின்னுடுச்சு. முன்னாடி கார்கள் மேடேற முடியாம குறுக்கும் நெடுக்குமா வழுக்கி நிக்குது. உப்பு தூவுற லாரிகளும் அதே டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. வெளியே மரக்கிளைகள் பட்டாசு மாதிரி முறியுற சத்தம்.

எனக்கு முன் சீட்ல ஒரு அம்மா. ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. ஆறு மணிக்குள்ள குழந்தையை டேகேர்லேர்ந்து கூட்டிட்டு வரணும். அரை மணிக்கு ஒரு தடவை டேகேருக்கு போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ‘ஒரு அங்குலம்னுதானே சொன்னாங்க’ன்னு டிரைவர்கிட்ட நாலஞ்சு தடவை கேட்டிருப்பாங்க. எட்டு மணி வாக்குல எழுந்து, கதவைத் திறக்கச் சொல்லி, ஆபீஸ் ஷூவோட அந்தப் பனியில இறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எவ்வளவு தூரம் நடக்கணும்னு யாரும் கேட்கல. நானும் கேட்கல.

அன்னிக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல பதிவானது 6.4 அங்குலம், கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துல வண்டிகள் ஒண்ணோட ஒண்ணு மோதி, போக்குவரத்து மொத்தமா முடங்கிப் போச்சு. மன்ஹாட்டன் பஸ் டெர்மினல்ல நிக்க இடமில்லாம, இனிமே யாரும் வராதீங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. நியூஜெர்சியில சில பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ராத்திரி பள்ளியிலயே தங்கினாங்க. ஆறு அங்குலம் அந்த ஊருக்குப் பெரிய விஷயமே இல்ல. ஜனவரியில வந்திருந்தா சமாளிச்சிருப்பாங்க.

சரி, ஏன் தப்பாச்சு? இந்த மாதிரி புயல்ல வானத்துலேர்ந்து எவ்வளவு தண்ணி வரும்ங்கிறதை ஓரளவு சொல்லிடலாம். அது எந்த உருவத்துல வரும்ங்கிறதுதான் தலைவலி. மேலே பனியா கிளம்புறது, வழியில ஒரு சூடான அடுக்கைத் தாண்டினா மழையாகிடும். பாதி உருகித் திரும்ப உறைஞ்சா ஸ்லீட், அதாவது குட்டிக் குட்டி ஐஸ் மணி. அன்னிக்கு மாதிரி நாள்ல மொத்தக் காற்றும் சைபர் டிகிரியை ஒட்டியே நிக்கும். ஒரு டிகிரி அந்தப் பக்கம் போனா குடை, இந்தப் பக்கம் வந்தா மண்வெட்டி.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பனி தன் குளிரைத் தானே உண்டாக்கிக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகணும்னா, அதே ஒரு கிலோ தண்ணியை சைபர்லேர்ந்து 80 டிகிரிக்குச் சூடாக்குற அளவு வெப்பம் வேணும். அந்த வெப்பத்தைப் பக்கத்துல இருக்கிற காற்றுகிட்டேர்ந்துதான் எடுக்கும். காற்று குளிரும். அடுத்து விழுற பனி கொஞ்சம் கம்மியா உருகும். அதோட காற்று காய்ஞ்சு கிடந்தா, ஈரம் ஆவியாகி இன்னும் குளிரும். நம்ம மண்பானைத் தண்ணி ஜில்லுனு ஆகுற அதே கணக்கு. ஆக, மெதுவா தூறினா உருகி மழையா முடிஞ்சுடும். அடர்த்தியா கொட்டினா, தனக்கான பாதையைத் தானே குளிர்விச்சுக்கிட்டுக் கீழே வந்து படியும். அன்னிக்குக் கொட்டுச்சு. மழையா மாறும்னு சொன்னாங்க இல்ல, அதுவும் மாறுச்சு. ஆனா ரொம்ப லேட்.

இதுக்கு மேல ஊருக்கு ஊர் வித்தியாசம். நவம்பர்ல அட்லாண்டிக் கடல் இன்னும் சூடு ஆறியிருக்காது. கிழக்குக் காற்று வீசினா கரையோர ஊர்கள்ல வெறும் மழை. அங்கேர்ந்து உள்ளே தள்ளி 300 மீட்டர் உயரக் குன்றுல ரெண்டு டிகிரி குறைவா இருக்கும், அதனால பனி. ஒரே கவுண்டி, ஒரே ஆப், ஒரே நம்பர், ஆனா ரெண்டு வேற வேற நாள். எடையும் சேர்ந்துக்கும். ஒரு அங்குலத் தண்ணி ஒரு சதுர மீட்டர்ல விழுந்தா 25 கிலோ. ஈரப்பனி அந்தத் தண்ணியை இறுக்கமா பிடிச்சு வெச்சிருக்கும். இலை உதிராத மரம் ஒவ்வொரு இலையிலும் அதை ஏந்திக்கிட்டு நிக்கும். 2011 அக்டோபர் 29-ல இதே கதைதான். சென்ட்ரல் பார்க்ல வெறும் 2.9 அங்குலம். ஆனா வடகிழக்கு மாநிலங்கள்ல 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு கரண்ட் போச்சு. கனெக்டிகட்ல சில இடங்கள்ல ஒரு வாரத்துக்கு மேல இருட்டு. அங்குலத்தை மட்டும் பார்த்தா இது ஒண்ணுமே இல்லாத புயல்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம், அதாவது மாடல்கள். ஐரோப்பிய மையத்தோட மாடலை ஒரே புயலுக்கு 51 தடவை ஓட்டுவாங்க. ஆரம்ப நிலையைத் துளித்துளியா மாத்தி மாத்தி. நான் ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன். அதுல பாதி ஒரு அங்குலம்னும், மீதி பாதி ஏழு அங்குலம்னும் சொன்னா, சராசரி நாலு. அந்த நாலை ஒரு மாடல்கூட சொல்லவே இல்லைங்கிறதைக் கவனிங்க. ஆனா ஆப்ல ஒரே ஒரு நம்பருக்குத்தான் இடம், அதனால நாலுன்னு வந்து நிக்கும். நம்மகிட்ட மேனேஜர் ‘எத்தனை நாள் ஆகும்?’னு கேட்டா, ‘ரெண்டு நாள், இல்ல ரெண்டு வாரம்’னு மனசுல வெச்சுக்கிட்டு ‘ஒரு வாரம்’னு சொல்றோமே, அதே பொய்.

முன்னறிவிப்பாளர்களுக்கு இது தெரியாதான்னு கேட்டா, நல்லாவே தெரியும். அங்கதான் எனக்கு ஒரு சண்டை இருக்கு. 2017 மார்ச் 14 புயலுக்கு நியூயார்க்குக்கு ஒரு அடி, ஒன்றரை அடின்னு எச்சரிக்கை. முந்தின நாள் மதியமே, ஸ்லீட் கலக்கும், பனி குறையும்னு மாடல்கள் இறங்க ஆரம்பிச்சுது. அது அமெரிக்க தேசிய வானிலை சேவைக்குத் தெரியும். இருந்தும் நம்பரைக் குறைக்கல. கடைசி நேரத்துல மாத்தினா ஜனங்க குழம்பிடுவாங்க, அசட்டையா வெளியே கிளம்பிடுவாங்கன்னு ஒரு பயம். சென்ட்ரல் பார்க்ல விழுந்தது 7.6 அங்குலம். நம்பரைக் குறைக்காம விட்ட விஷயம் பின்னால அசோசியேட்டட் பிரஸ் மூலமா வெளியே வந்துச்சு. நியூஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அவங்களை வெளிப்படையாவே திட்டினார்.

அவங்க நிலைமையும் புரியுது. 2015 ஜனவரியிலும் பெருசா சொல்லி, நகரத்துல 9.8 அங்குலத்தோட முடிஞ்சுது. அப்போ கேரி சாட்கோவ்ஸ்கிங்கிற மூத்த முன்னறிவிப்பாளர் ட்விட்டர்ல பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். (அந்தப் புயலோ கிழக்கே லாங் ஐலண்ட்ல ரெண்டு அடி கொட்டிட்டுத்தான் போச்சு. பாவம் மனுஷன்.) கூடுதலா சொன்னாலும் திட்டு, குறைவா சொன்னாலும் திட்டு. அதனால ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கத் தோணும்தான். ஆனாலும் 2017-ல செஞ்சது தப்புன்னுதான் எனக்குப் படுது. எனக்காகக் குழம்பாதீங்க சார், குழப்பத்தை என்கிட்டயே கொடுங்க.

கொடுக்கவும் செய்றாங்க, அதுதான் வேடிக்கை. அதே வானிலை சேவையோட தளத்துல பனிக்காலத்துல மூணு வரைபடம் இருக்கும்: எதிர்பார்க்கிற அளவு, குறைஞ்சா எவ்வளவு, கூடினா எவ்வளவு. கூடினா எவ்வளவுங்கிறது பத்துல ஒரு வாய்ப்பு. அடுத்த குளிர்காலத்துலேர்ந்து நான் நேரா அந்த மூணாவது படத்துக்குத்தான் போவேன். கூடவே ரெண்டு விஷயம் பார்ப்பேன்: கொட்டப் போறது எந்த மணி நேரத்துல, மரத்துல இலை இருக்கா. பூட்ஸும் வாங்கிட்டேன், அதைச் சொல்லவே வேணாம்.

அன்னிக்குக் காலையில ஆப்ல இப்படி ஒரு வரி வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு அடிக்கடி யோசிப்பேன்: ‘பெரும்பாலும் ஒரு அங்குலம், பிறகு மழை. ஆனா ஆறு அங்குலம் வரைக்கும் போகவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. அப்படிப் போனா, அது சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்புற நேரத்துல.’ இவ்வளவுதான். நான் அப்பவும் கான்வாஸ் ஷூவோடதான் போயிருப்பேன், எனக்கு அப்போ புத்தி அவ்வளவுதான். அந்த அம்மா மதியமே போய்க் குழந்தையைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க.

நான் பத்து மணிக்கு ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்போ வெளியே மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு.