விதியும் விவேகமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அரசியல் அறிவு நூலில் உள்ளதா, பட்டறிவில் உள்ளதா என்னும் வினா பழமையானது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், இத்தாலியின் பிளாரென்ஸ் நகரத்து நண்பர் இருவர் இதற்கு வெவ்வேறு விடை கண்டனர். ஒருவர் மாக்கியவெல்லி (1469–1527). மற்றவர் குவிச்சார்தினி (1483–1540). முன்னவரை உலகம் நன்கறியும்; பின்னவரைப் பலர் அறியார்.

மாக்கியவெல்லி ரோமானியர் வரலாற்றில் தோய்ந்தவர். மனித இயல்பு எக்காலத்தும் ஒன்றே. ஆதலின் அன்று ரோமுக்கு உதவிய வழி என்றும் உதவும் என்பது அவர் கொள்கை. கூலிப்படையை நம்பலாகாது, சொந்தக் குடிகளைக் கொண்டே படை அமைத்தல் வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய விதிகளுள் தலையாயது. 1506-இல் பிளாரென்ஸுக்கு அத்தகைய குடிப்படையை அமைக்கவும் செய்தார். 1512-இல் பிராட்டோ நகரில் ஸ்பானியர் முன் அப்படை சிதறியது, குடியரசு வீழ்ந்தது, அவர் பதவியும் போயிற்று. விதியின்மீது வைத்த பற்று மட்டும் போகவில்லை.

1525-இல் ரோமாஞா நாட்டில் குடிப்படை திரட்டும் திட்டத்தைப் போப்பாண்டவர் ஏழாம் கிளெமெண்டிடம் அவர் எடுத்துரைத்தார். போப் அவரை அந்நாட்டின் ஆளுநராகிய குவிச்சார்தினியிடம் அனுப்பினார். திட்டம் நன்று என்பதை ஆளுநர் மறுக்கவில்லை. ஆயினும் அம்மக்களை அவர் நேரில் அறிவார். அவர்கள் கட்சிப் பகையால் பிளவுண்டவர்கள். திருச்சபை ஆட்சியின்பால் அன்பற்றவர்கள். அத்தகையோர் கையில் கொடுத்த படைக்கலம் யார்மீது பாயும்? திட்டம் கைவிடப்பட்டது.

ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இது வியப்பன்று. நாடு முழுமைக்கும் பொது விதிகள் உண்டு; அவற்றின் கீழ் மண்டலந்தோறும் துணை விதிகள் உண்டு. அதனோடு அமையாது, ஒவ்வொரு நிலையத்தின் இருப்புப்பாதை அமைப்பையும் நோக்கித் தனிப் பணி விதிகளும் எழுதப்பட்டுள்ளன. பொது விதி பொய்யன்று. இடமறியாமல் அது முழுமை பெறாது.

அங்ஙனமாயின் பட்டறிவு ஒன்றே போதுமோ? போதாது. 1526-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிரான கூட்டணியில் சேருமாறு போப்புக்கு அறிவுரை கூறியவர்களுள் குவிச்சார்தினியும் ஒருவர். போப்பின் படைக்குத் துணைத் தலைவராகவும் அவர் சென்றார். மறு ஆண்டு மே 6-ஆம் நாள் பேரரசரின் படை ரோம் நகருள் புகுந்து சூறையாடியது. அத்துணை அனுபவமும் அவ்வழிவைத் தடுக்கவில்லை.

அவர் தமக்காகவும் தம் குடும்பத்தார்க்காகவும் எழுதிவந்த 'ரிக்கார்தி' என்னும் குறிப்புகள், அதன் பின் 1530-இல்தான் 221 குறிப்புகளாக இறுதி வடிவம் பெற்றன. பொது விதியால் எல்லாவற்றையும் அளத்தல் பிழை. பெரும்பாலும் எதிலும் விலக்கு உண்டு. விலக்கை அறிவது விவேகம். அதனை நூல் கற்பியாது என்பது அவற்றுள் ஒரு கருத்து. தோல்வியைக் கண்டறிந்தவரின் சொல் ஆதலின், அதில் செருக்கில்லை.

அன்பர்களே! எதனை ஆராய வேண்டும் என்பதை விதி நமக்குக் காட்டும். இவ்விடத்தில், இம்மக்களிடையே அது பொருந்துமா என்பதைப் பட்டறிவு காட்டும். ஒன்றைக்கொண்டு மற்றொன்றை நாடோறும் திருத்திக்கொள்பவனே அறிவுடையவன். விதியை மட்டும் அறிந்தவன் பிறரைத் துன்புறுத்துவான். அனுபவத்தை மட்டும் நம்பியவன் தானே ஏமாறுவான்.