கண்ணாடி மணி செய்யும் சாமான் வாங்கும் முன்

(மாதர் பிரிவின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். போன மாதத்திலிருந்து ஒருவர் மூன்று டிவிஷனுக்கும் வந்து போகிறார். வீட்டிலிருந்தே கண்ணாடிப் பாசிமணி செய்யலாம், அதற்கான சாமான் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, செய்து கொடுத்தால் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்கிறார். விலை 85,000 ரூபாய். முதலில் 15,000 கட்டினால் போதும், மிச்சத்தை மாதம் 4,200 ரூபாய் வீதம் 24 மாதத்தில் கட்டலாம்.

அந்தக் கடதாசியை ஒரு அம்மா பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தார். "கையெழுத்துப் போட முன்னுக்கு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். கடதாசி சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது, தமிழில் ஒரு வரி கூட இல்லை. மணியைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்ற பேச்சு எந்த மொழியிலும் எழுதப்படவில்லை. தவணை தவறினால் என்ன நடக்கும் என்பது மட்டும் ஒரு பக்கம் நிறைய இருந்தது.

கணக்கை நம் முறையிலேயே, பேரால் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாள் சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 85,000 ரூபாய் என்றால் 63 பேர். தவணையில் எடுத்தால் மொத்தம் 115,800 ரூபாய், அதாவது 86 பேர். வித்தியாசமான 23 பேரும் வட்டிக்குப் போகிறது. ஒரு மாதம் முழுக்க மலை ஏறி இறங்கிய உழைப்பு அது.

இப்படிச் சொல்வதால் அந்தத் தொழிலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது நல்ல கைத்தொழில். பழைய காலத்தில் மன்னார்ப் பக்கம் மாந்தையிலும், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். இன்றைக்கும் இந்தியாவில் வாரணாசியில் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி சுற்றுகிறார்கள். கொழுந்து பறிக்கிற விரலுக்கு அந்த வேகமும் நிதானமும் வரும். ஆகவே பேசவேண்டியது எந்தச் சாமானை, எந்த வரிசையில், எந்த இடத்துக்கு வாங்குவது என்பதுதான். அதற்காக இந்த வேலை செய்யும் ஒருவரிடம் நாங்கள் நான்கு பேர் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம், கையால் செய்தும் பார்த்தோம்.

வேலை இதுதான். கண்ணாடிக் கம்பியின் நுனியை டோர்ச் சுடரில் காட்டித் தேன் மாதிரி இளக்க வேண்டும். களிமண் குழம்பு பூசிக் காயவைத்த எவர்சில்வர் குச்சியில் அதைச் சுற்ற வேண்டும். ஆறியபின் குச்சியை உருவினால் துளையோடு மணி வரும். பார்க்க இலகு. ஆனால் நாங்கள் செய்த முதல் மணி அடுத்த நாள் காலையில் இரண்டாக வெடித்துக் கிடந்தது.

காரணம் ஆறவைத்த விதம். மணியின் வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறும், உள்பக்கம் மெதுவாக ஆறும். அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிடும். அதைப் போக்க, மணியைச் சிறு மின்சூளையில் ஏறக்குறைய 500 பாகை செல்சியசில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு மணிக்கணக்கில் மெதுவாகச் சூட்டைக் குறைக்க வேண்டும். கொழுந்தை வாட்டாமல் அரைத்தால் என்ன தூள் வரும் என்று ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். மணியைச் சூடு தாங்கும் பஞ்சுப் போர்வைக்குள் வைத்தால் அன்றைக்கு வெடிக்காமல் இருக்கலாம், ஆனால் அது சூளைக்கு ஈடாகாது. விற்ற மணி வாங்கியவரின் கழுத்தில் உடைந்தால் அவர் மறுபடி வரமாட்டார்.

அந்த 85,000 ரூபாய்ப் பெட்டியில் சூளை இல்லை. கண்ணுக்குப் போடும் கண்ணாடியும் இல்லை.

கண்ணைப் பற்றிச் சொல்கிறோம். கண்ணாடி உருகும்போது கூசுகிற மஞ்சள் வெளிச்சம் வரும். அதைத் தடுக்க டிடிமியம் என்ற ஊதா நிறக் கண்ணாடி போட வேண்டும். கடையில் வாங்கும் கறுப்புக் கண்ணாடி அதற்கு உதவாது, அதைப் போட்டால் சுடரும் தெரியாது, மணியும் தெரியாது. குளிர்ந்த கம்பியைச் சட்டென்று நெருப்பில் நீட்டினால் நுனி சிதறித் தெறிக்கும், அதற்கும் கண்ணுக்கு மறைப்பு வேண்டும். ஆகவே முதல் வாங்க வேண்டியது இந்தக் கண்ணாடிதான்.

இரண்டாவது டோர்ச். காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்து எரியும் ஒற்றைக் கேஸ் டோர்ச் ஆரம்பத்துக்குப் போதும். தனியாக ஒட்சிசன் சிலிண்டர் கேட்கும் டோர்ச் இப்போதைக்கு வேண்டாம். இன்னொன்று: சில வெளிநாட்டு டோர்ச்சுகள் சிறிய கேஸ் குப்பியில் திருகுவதற்காகச் செய்யப்பட்டவை. நம்முடைய சமையல் சிலிண்டர் வாயில் அவை பொருந்தாது. வயரையும் ரப்பரையும் சுற்றிப் பொருத்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் வெடித்த சம்பவங்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

மூன்றாவது கம்பி. ஒரே வகைக் கம்பியாக வாங்க வேண்டும். ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் வேறு வேறு அளவு. சாதாரணமாக மணி செய்யும் மென்கண்ணாடிக்கு 104 என்று இலக்கம் போட்டிருப்பார்கள். 33 என்று இருந்தால் அது அடுப்பில் வைக்கும் பாத்திரக் கண்ணாடி வகை. இரண்டையும் ஒரு மணியில் சேர்த்தால் எப்படி ஆறவைத்தாலும் வெடிக்கும். உடைந்த போத்தலிலும் மணி செய்யலாம், ஆனால் அது இளகக் கூடுதல் சூடு கேட்கும், ஒரு மணிக்கு ஒரே போத்தலின் துண்டைத்தான் பாவிக்க வேண்டும். பழகும் காலத்தில் பல நிறம் தேவையில்லை, இரண்டு மூன்று நிறம் போதும்.

நான்காவது சூளை. வாங்கும்போது பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 110 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் அது நம் நாட்டு மின்சாரத்துக்கு ஆகாது, நமக்கு 230 வோல்ட். 1,500 வாட் சூளை ஒன்று ஆறரை அம்பியர் இழுக்கும். லயத்தில் இருக்கும் 5 அம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் வயர் சூடேறும். அந்த வயர் எத்தனை வருடத்துப் பழசு என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் நாங்கள் வந்த முக்கியமான விசயம் இருக்கிறது. இந்த வேலையை லயக் காம்பராவில் செய்யக் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதிலேயே சமையல், படுக்கை, பிள்ளைகளின் புத்தகம். மழைக்காலத்தில் குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் மூடிவிடுகிறோம். மூடிய அறையில் டோர்ச் எரிந்தால் மணமே இல்லாத காபன் மொனொக்சைட் சேரும், ஆளை மயக்கிக் கொல்லும். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில், பிள்ளைகள் படுத்திருக்கும் பாயின் மட்டத்தில்தான் தேங்கும். லயத்தின் கூரையோ ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுக்காரரின் அடையாள அட்டையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தே எரியும். இஸ்தோப்பில் வைத்துச் செய்தாலும் இதே கதைதான்.

ஆகவே எங்கள் யோசனை இது. தனித்தனிப் பெட்டி வேண்டாம். எட்டுப் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. சீட்டுப் பிடிப்பது போல மாதம் ஒரு தொகை. கடன் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரே டோர்ச், ஒரே சூளை, கண்ணாடி மட்டும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக. இடத்துக்குக் கீழ் டிவிஷனில் பூட்டிக் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவைத் துரையிடம் எழுத்தில் கேட்போம். சீமெந்துத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், புகையை வெளியே இழுக்க ஒரு காற்றாடி, மேசைக்கு மேல் தகரம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும், இவை டோர்ச்சுக்கு முன்னால் தயாராக வேண்டும். மின்சாரம் தெரிந்தவர் வந்து தனி வயர் இழுக்க வேண்டும். நைலோன் சேலையோடு யாரும் உட்காரக் கூடாது, தலைமுடியைக் கட்ட வேண்டும். குச்சியில் பூசிய மண்ணைத் தண்ணீருக்குள் வைத்தே கழுவ வேண்டும், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கெடுதி. சமையல் சாமானை அங்கே கொண்டுபோகக் கூடாது.

அதற்கும் முன்னால் நெருப்பில்லாத ஒரு படி இருக்கிறது. செய்த மணியைக் கொஞ்சம் வாங்கி, நூலும் கம்பியும் ஒரு சிறு குறடும் வைத்து மாலையாகக் கோத்து விற்றுப் பாருங்கள். யார் வாங்குகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்று மூன்று மாதத்தில் தெரியும். மலிவு மணி கடையில் குவிந்து கிடக்கிறது, அந்த விலையோடு நாம் போட்டி போட முடியாது. விற்றால் மேலே போவோம். விற்காவிட்டால் நட்டம் சில நூறு ரூபாயோடு போகும். பிரதேச செயலகத்தில் சிறு தொழிலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பயிற்சி பற்றிக் கேட்க அடுத்த வாரம் நாங்கள் போகிறோம், இரண்டு பேர் கூட வாருங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. வீட்டுத் தொழில் இருக்கிறதே, பிறகு ஏன் சம்பளம் கேட்கிறீர்கள் என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். எட்டு மணி நேரம் மலையில் நின்ற உழைப்புக்குக் கூலியை மலைதான் தர வேண்டும், பாசிமணி தர வேண்டியதில்லை. மணியில் வரும் காசு பிள்ளையின் சப்பாத்துக்கும் டியூசனுக்கும் உதவட்டும். அதற்காகச் சம்பளக் கோரிக்கையில் ஒரு ரூபாயும் குறைக்க மாட்டோம்.

அந்தப் பெட்டிக்காரர் வருகிற சனிக்கிழமை மறுபடி வருவாராம். வந்தால் மரியாதையாக உட்காரவைத்து ஒரு தேத்தண்ணி கொடுங்கள். கடதாசியை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் வேண்டாம். பின்னேரம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்போம். எல்லாக் கடதாசியையும் அங்கே கொண்டுவாருங்கள், ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறோம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தாலும் வெட்கப்படாமல் வாருங்கள். அவர்களுக்காகத்தான் முதலில் பேசப் போகிறோம்.