மறைபொருள் மறைந்தே இருக்கலாமா?

நடுவர் அவர்களே, ரகசியத்தை மூடி வைக்கணும்னு சொல்லிட்டு அரை மணி நேரம் திறந்து பேசிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, அடுப்பை அணைச்சிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

எதிரணித் தலைவர் சித்தர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டாரு. பாதரசத்தைப் பக்குவம் தெரியாதவன் தொட்டா உயிர் போயிடும், அதனால பரிபாஷையில எழுதினாங்கன்னாரு. சரி ஐயா, அதை ஒத்துக்கறேன். விஷத்தைப் பூட்டி வைங்க. விளக்கத்தை ஏன் பூட்டணும்?

என் அத்தை பொண்ணு மயிலாப்பூர்க்காரி. கிளி ஜோசியம் பார்த்துப் பழகினவ, நாகரிகமா இருக்கட்டுமேன்னு தி.நகர்ல டாரட் சீட்டு பார்க்கப் போனா. கல்யாணம் நிச்சயமான நேரம். மொத்தம் 78 சீட்டுல இவ எடுத்தது பதிமூணாம் நம்பர். வெள்ளைக் குதிரை மேல எலும்புக்கூடு! கீழே பேரு 'மரணம்'! அர்த்தம் கேட்டா, "அது உள்ரகசியம், இன்னும் மூணு தடவை வாங்க"ன்னு பதில். ஒவ்வொரு தடவைக்கும் தனி பீஸ். கிளிக்கு ஒரு நெல்லு போதும்யா! (சிரிப்பு)

மூணு நாள் அவ சாப்பிடல. மாப்பிள்ளை உயிருக்கு ஆபத்து, கல்யாணத்தை நிறுத்துங்கன்னு அழறா. அத்தை தாலிக்குக் கொடுத்த பவுனைத் திருப்பி வாங்கக் கிளம்பிட்டாங்க. நான் ஒரு புத்தகத்தை வாங்கி வந்து அந்தப் படத்தை அவ முன்னாடி வைச்சேன். "நல்லாப் பாரும்மா. பின்னால ரெண்டு கோபுரம், நடுவுல சூரியன். குழந்தை ஒண்ணு முகத்தைத் திருப்பாம நிமிர்ந்து பார்க்குது. பழசு முடிஞ்சு புதுசு தொடங்குதுன்னு அர்த்தம்." அன்னிக்கு ராத்திரிதான் சாப்பிட்டா.

இந்தச் சீட்டு எங்கேருந்து வந்தது? பதினஞ்சாம் நூற்றாண்டு இத்தாலியில பணக்காரங்க ஆடின சீட்டாட்டம். 1781-ல பிரெஞ்சுக்காரர் ஒருத்தர், இது எகிப்தின் ரகசிய ஞானம்னு எழுதிட்டாரு. எகிப்து சித்திர எழுத்தைப் படிக்க வழி கிடைச்சதே 1822-லதான்! அப்புறம் 1888-ல லண்டன்ல 'கோல்டன் டான்'னு ஒரு ரகசியச் சங்கம். வெளியே சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சேர்த்தாங்க. அதுல இருந்த வெயிட் என்பவர் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற அம்மா வரைஞ்ச சீட்டுதான் 1909-ல கடைக்கு வந்தது. அத்தை பொண்ணு பார்த்ததும் அதுதான்.

நம்ம அடையாறுக்கு வாங்க. 1882-லேருந்து இங்கே தலைமையகம் வைச்ச தியசாபிகல் சொசைட்டிக்கும், அதே 1888-ல பிளாவட்ஸ்கி அம்மையார் தனியா ஒரு உள்வட்டம் தொடங்கினாங்க. அடையாறு கடற்கரையில கிருஷ்ணமூர்த்திங்கிற பையனைக் கண்டெடுத்தது 1909. உலக குரு வரப் போறாருன்னு அவரைத் தலைவராக்கி ஒரு சங்கமே வைச்சாங்க. அவரோ 1929-ல ஹாலந்துல எல்லார் முன்னாடியும் அதைக் கலைச்சிட்டாரு. (கைதட்டல்)

அவருக்கும் முன்னாடி நம்ம ராமானுஜர்! பதினெட்டு தடவை நடந்து வாங்கின எட்டெழுத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரத்துல ஏறி ஊருக்கே சொன்னாருன்னு குருபரம்பரைக் கதை. நரகம் வந்தா எனக்கு ஒருத்தனுக்குத்தானேன்னாரு. பீஸ் கேட்கல.

மணி அடிக்கிறீங்க, முடிச்சிடறேன். கல்யாணம் நல்லபடியா நடந்தது. மாப்பிள்ளை திடமா இருக்காரு. மூணாவது வரிசையில உட்கார்ந்து கைதட்டறாரு பாருங்க. வணக்கம்!