ட்ரோன் ஆரின்ர பேரில?

(பார்க் எக்ஸ்டென்ஷனில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கலியாணவீடு, சாமத்தியவீடுகளுக்கு ட்ரோனில படம் எடுக்கிறவன். முதல் ட்ரோனை வாங்கி வீட்டுப் பின்வளவில எழுப்பினபோது அம்மா கதவைச் சாத்திப்போட்டு உள்ள போயிட்டா. "வண்டு" எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவ. போர்க்காலத்தில் வன்னிச் சனம் வேவு விமானத்துக்கு வைத்த பேர் அது. வண்டு சுத்தினால் பிறகு ஷெல் வரும், இல்லாட்டி கிபிர் வரும். இலங்கை விமானப்படை பயன்படுத்திய அந்த வேவு விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை. இதுக்குத் திரும்பி வாறன்.

முதலில சட்டம். 2019க்கு முந்தி, காசுக்குப் பறக்கவிடுறவருக்கு ஒரு சட்டம், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுறவருக்கு வேற சட்டம். தொழில் எண்டால் போக்குவரத்து அமைச்சிடம் விசேட அனுமதி கேட்கவேணும். 2017 ஒக்டோபரில் கியூபெக் நகர விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்த சிறிய பயணிகள் விமானத்தில் ஒரு ட்ரோன் மோதியது. எட்டுப் பேரும் தப்பினார்கள். 2019 ஜூன் 1 தொடக்கம் புதிய விதிகள் வந்தன. தொழிலா பொழுதுபோக்கா என்ற கேள்வி போய், எவ்வளவு ஆபத்து என்ற கேள்வி வந்தது. 250 கிராமிலிருந்து 25 கிலோ வரையான ட்ரோனைப் பதியவேணும், ஓட்டுறவர் சோதனை பாஸ் பண்ணவேணும், 122 மீற்றருக்கு மேல போகக்கூடாது. டோர்வல் விமான நிலையத்தால மொன்றியல் தீவின் பெரும்பகுதி கட்டுப்பாட்டு வான்பரப்பு. அதுக்குள்ள பறக்க உயர்நிலைச் சான்றிதழும் நாவ் கனடாவின் அனுமதியும் வேணும். நான் அந்தச் சோதனை எழுதினவன். லேசில்லை. ஆனால் இந்த விதிகளோட எனக்குச் சண்டை இல்லை. கலியாண மண்டபத்துக்கு வெளியில சின்னப் பிள்ளையள் ஓடித்திரியேக்க தலைக்கு மேல பிளேட் சுத்துறதைக் கண்டவனுக்கு விதி ஏன் எண்டு விளங்கும்.

சண்டை வேற இடத்தில. என்னோட வேலை செய்யிற ஒரு அண்ணை இருக்கிறார். பேர் வேண்டாம். யாழ்ப்பாணத்தில வருசக்கணக்காப் படம் எடுத்தவர். என்னைவிட நல்ல கண். அவர் அகதிக் கோரிக்கையாளர், தீர்ப்புக்குக் காத்திருக்கிறார். ட்ரோனைத் தன் பேரில பதியேலாது. பதியிறதுக்குக் கனேடியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்கவேணும். அல்லது அரச அமைப்பு. அல்லது கனேடியச் சட்டப்படி பதிந்த ஒரு கொம்பனி. கடதாசியில மட்டும் இருக்கிற கொம்பனிக்கு ஏலும், மனுசனுக்கு ஏலாது.

அதால ட்ரோன் என்ர பேரில. பில்லும் என்ர பேரில. எந்தப் பக்கத்தால சூரியன் வரும், எப்ப மேல எழும்பவேணும் எண்டு சொல்லுறது அவர். அவருக்கு நாள் சம்பளம், எவ்வளவு எண்டு தீர்மானிக்கிறது நான். முதலாளிமாரைப் பற்றி இஞ்ச நான் எத்தனை தரம் பேசியிருக்கிறன்! மூண்டு வருசமா நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தனான். அவர் ஒரு நாளும் கேட்கேல்லை. கேட்கிற நிலைமையில அவர் இல்லை, அதுதான் விசயம்.

பிறகு அவர் 250 கிராமுக்குக் குறைவான சின்ன ட்ரோன் ஒண்டு வாங்கினார். அதுக்குப் பதிவு தேவையில்லை. கோயில் தேர், கோடைகால விழா எண்டு தன்ர சொந்த வேலையாச் செய்யத் தொடங்கினார். 2025 நவம்பர் 4 முதல் விதி திரும்ப மாறிவிட்டது. பொதுமக்களுக்கு அறிவிச்சு நடத்துற வெளி நிகழ்ச்சியில பறக்கவிட அந்தச் சின்னனுக்கும் விசேட அனுமதி வேணும். சனநெரிசலில விழுந்தால் 249 கிராமும் காயப்படுத்தும், சரி. ஆனால் அதே நாளில் மற்றப் பக்கம் கதவு அகலத் திறந்தது. முன்னம் ஒவ்வொரு தரமும் விசேட அனுமதி வேண்டியிருந்த சில பறப்புகள், உதாரணமாகச் சனம் குறைந்த இடங்களில் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்புவது, இப்போது இயக்குநர் சான்றிதழ் பெற்ற நிறுவனங்களுக்கு வழமையான வேலை. 150 கிலோ வரையான ட்ரோன்களுக்கும் விதி வந்துவிட்டது. குழாய்வழி, மின்கம்பி, ரயில்பாதை பார்க்கிற பெரிய கொம்பனிகள் கனகாலமாகக் கேட்டது இது.

இந்த விதிகள் எடையை அளக்கும், உயரத்தை அளக்கும். ஆரை, ஆருக்காகப் பார்க்கிறாய் எண்டு கேட்காது. விதி எழுதுகிற அதே போக்குவரத்து அமைச்சு, 2020 டிசம்பரில் ஏறத்தாழ 36 மில்லியன் டொலருக்கு ஹெர்மஸ் 900 ட்ரோன் வாங்க ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. ஆர்க்டிக் கடலில் எண்ணெய்க் கசிவும் பனியும் பார்க்கவாம். விற்றது இஸ்ரேலின் எல்பிட். 2014இல் காஸா மேல பறந்த ரகம் அது. அம்மாவின்ர வண்டு செய்த அதே நாட்டின் ஆயுதத்தொழில்.

2024 டிசம்பரில் 1.3 பில்லியன் டொலர் எல்லைத் திட்டம் அறிவித்தார்கள். எல்லையைக் கண்காணிக்க ஆர்சிஎம்பிக்கு ட்ரோன்களும் ஹெலிகொப்டர்களும் அதில அடக்கம். ரொக்ஸம் றோட் 2023 மார்ச்சில மூடுப்பட்ட பிறகு பனிக்குள்ளால நடந்து வாறவனை மேலயிருந்து பார்க்கத்தான். வந்து சேர்ந்தவன் இஞ்ச ஒரு ட்ரோன் பதியப் போனால், நீ தகுதியான ஆள் இல்லை எண்டு பதில்.

விதியை மாத்தவேணும் எண்டு எழுதுவம், எங்கட எம்.பி.யிட்டயும் போவம். வேலை அனுமதி உள்ளவர் ட்ரோன் பதியலாம் எண்டு ஒரு வரி சேர்த்தால் காணும். அதுவரைக்கும் அந்தக் கொம்பனி ஓட்டைக்குள்ளால நாங்களும் போகலாம். அண்ணையும் நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழிலாளர் கூட்டுறவு பதியப் பார்க்கிறம். ட்ரோன் கூட்டுறவின்ர பேரில இருக்கும், பங்கு சமம். அண்ணை உறுப்பினரா கையெழுத்துப் போட அவற்ற கோரிக்கை வழக்கில ஏதும் சிக்கல் வருமோ எண்டு ஒரு சட்டத்தரணி பார்க்கவேணும். படிவங்கள் முழுக்கப் பிரெஞ்சில. உங்களில சட்டம் படிக்கிற ஆக்களும், பிரெஞ்சு நல்லா எழுதுற ஆக்களும் இருக்கிறியள். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் நிண்டு போங்கோ. படிவம் பையுக்குள்ள இருக்கு.