சரக்கு வண்டியின் கியரும் டீசல் செலவும்

(காஞ்சிபுரத்தில் ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



காஞ்சி என்றதும் வெளியூரார் பட்டையும் கோயிலையுமே நினைப்பர். பட்டுச் சேலை எடையில் சிறிது, விலையில் பெரிது. அதற்கு வண்டிச் செலவு ஒரு பொருட்டன்று. கத்தரிக்கும் கீரைக்கும் அவ்வாறில்லை. வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்துக் காய்கள் விடியுமுன் கோயம்பேடு சேர வேண்டும். அங்கே விலை சொல்பவர் நாமல்லோம். செலவு மட்டுமே நம் கையில் உள்ளது.

போய்வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி 12½ லிட்டர் குடிக்கும். 15 ஓடினால் 10 லிட்டர் போதும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டாலும் நடை ஒன்றுக்கு 225 ரூபாய் மிச்சம். மாதம் 20 நடைக்கு 4,500 ரூபாய். ஓட்டும் முறையால் இதில் பாதியைக் காப்பாற்றினாலும் வண்டிக் கடனின் தவணைக்கு உதவுமல்லவா?

2005-இல் வந்த டாட்டா ஏஸ் வண்டியை, அதாவது நம்மவர் 'குட்டி யானை' என்று பெயரிட்டதை, எல்லோரும் அறிவீர்கள். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. ஒன்றேகால் டன் சுமை, ஐந்து கியர். கியர் எதற்கு? பாரம் ஏற்றிய மாட்டை ஓட்டத்தில் கிளப்புவார் உண்டோ? எஞ்சினும் அத்தகையதே. சிறு டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுக்குள்தான் நன்றாக இழுக்கும். வண்டி மெல்லப் போனாலும் விரைந்து போனாலும் எஞ்சினை அந்த எல்லைக்குள் வைப்பதே கியர் பெட்டியின் வேலை. முழுச் சுமையோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரைப் போட்டால் வண்டி நடுங்கும், எண்ணெய் முழுதும் எரியாது. மூன்றாம் கியரிலேயே 60-ஐத் தொட்டால் எஞ்சின் வீணே சுழன்று தன் உராய்வுக்கே எண்ணெயைச் செலவிடும். காது கொடுத்துக் கேட்டால் எஞ்சினே இதைச் சொல்லிவிடும்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று பலர் நம்புகின்றனர். பழைய நம்பிக்கை, இன்றைக்குப் பொருந்தாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி அமைந்த டீசல் வண்டிகளில் மின்னணுக் கருவியே எண்ணெயை அளந்து விடுகிறது. கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் எண்ணெய் அறவே நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்க எண்ணெய் ஊட்டியாக வேண்டும். பிரேக்குக்கு எஞ்சினின் துணையும் போய்விடும். சுமை வண்டிக்கு இது ஆபத்து.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். 50-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டரை மடங்காகும். பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே பரிந்துரைத்து வருகிறது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு, அவரவர் விருப்பப்படி வேகத்தடை எழுப்பிவிடுகிறோம். ஒவ்வொன்றிலும் சுமை வண்டி நின்று, முதல் கியரில் தொடங்கி மீண்டும் ஏற வேண்டியிருக்கிறது. நடையில் மிகுதியாக எண்ணெய் செலவாவது இவ்விடத்தில்தான். பள்ளி முன்னே வேகத்தடை கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமலே கடக்கலாம். நம் ஊர்த் தடைகளோ வரப்பைப் போல் நிற்கின்றன. அடுத்த மன்றக் கூட்டத்தில் உங்கள் சாலையிலுள்ளவற்றை எண்ணி, அளந்து, உரிய துறைக்கு எழுதுங்கள்.

வண்டி உடையோர் கிளட்ச் மீது கால் வைத்தபடியே ஓட்டுவதை விட வேண்டும். தட்டு தேயும், இழுவையும் வீணாகும். டயர்க் காற்றை வாரந்தோறும் பாருங்கள். கியர் பெட்டி எண்ணெயை, கையேட்டில் குறித்த வகையிலேயே, குறித்த கிலோமீட்டரில் மாற்றுங்கள். கடைக்காரர் நீட்டியதை ஊற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தையும் லிட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அக்குறிப்பேடுகளைக் கொண்டுவந்தால், அவற்றை ஒப்பிட்டுப் பேசுவோம்.