தாமதத்துக்கு யார் மன்னிப்புக் கேட்பது?

(சட்டக் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் தெருவில் சட்டம் படித்தவர் யாரும் கிடையாது. ஆனால் புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். கடன் கொடுத்தவர் சொல்லிக் கொடுத்த சட்டம் அது. இரண்டரை வருடம் ஆனதும் ஊர்த்தெருவிலிருந்து வண்டியில் வந்து நிற்பார். நூறு ரூபாய் வரவு வைத்து, நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அன்றிலிருந்து மூன்று வருடம் மறுபடி புதிதாக ஓடும். நமக்குச் சாதகமான காலவரம்பு ஒன்றைக்கூட யாரும் இப்படி வீடு தேடி வந்து சொன்னதில்லை.

அப்பா கொத்தனார். அப்பாயி பெயரில் இருந்த முப்பது சென்ட் நிலத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டார். 2006ல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். அப்பா வேலையை விட்டுவிட்டுப் போவார், வக்கீல் குமாஸ்தாவிடம் இருநூறு ரூபாய் கொடுப்பார், "வாய்தா போட்டிருக்காங்க" என்ற பதிலோடு வீடு திரும்புவார். 2013 பொங்கல் சமயம் டீக்கடையில் எதிராளியே சொன்னார்: "உங்க கேஸு தள்ளுபடியாகி நாலு வருஷமாச்சே, தெரியாதா?" 2009 பிப்ரவரியில் வக்கீல் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் அப்பா இல்லாத வழக்குக்கு வாய்தா பணம் கட்டியிருக்கிறார்.

அப்படித் தள்ளுபடியான வழக்கை மீட்க முப்பது நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். எங்களுக்கு 1,480 நாட்கள் தாமதம். அதற்கு ஒரு மனு உண்டு. அதன் பெயரே கால தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு! ஏமாற்றியவர் ஒருவர், மன்னிப்புக் கேட்பவர் இன்னொருவர். புதிய வக்கீல் பிரமாணப் பத்திரத்தில் மஞ்சள் காமாலை என்று எழுதினார். நம் கோர்ட்டுகளில் காமாலைக்குத் தனி இடம் உண்டு, உங்களுக்கே தெரியும். "எனக்குக் காமாலை வந்ததே இல்லைங்களே, உள்ளதை எழுதுங்க" என்றார் அப்பா. "இன்னொரு வக்கீலைப் பற்றி நான் எழுத முடியாதுப்பா" என்று பதில் வந்தது. மனு தள்ளுபடி.

சரி, அந்த முதல் வக்கீல்மீது நஷ்டஈடு கேட்டிருக்கலாமே? 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் தனியாகக் குறிப்பிடாத வழக்குகளுக்கெல்லாம் உறுப்பு 113 பொருந்தும், மூன்று வருடம். மோசடி செய்து மறைத்திருந்தால், தெரிய வந்த நாளிலிருந்தோ, முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ கணக்கிடலாம் என்கிறது பிரிவு 17. தெரிய வந்த நாளிலிருந்து பார்த்தால் எங்களுக்கு 2016 ஜனவரி வரை நேரம் இருந்தது. அந்தச் சட்டத்தை நான் முதன்முதலாகப் படித்தது 2018ல், ஆய்வுக்காக. மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் தாமதத்தை மன்னிக்கப் பிரிவு 5 இருக்கிறது. அசல் வழக்குக்கு அதுவும் கிடையாது. எதிராளி வாய் திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிபதியே தள்ளுபடி செய்தாக வேண்டும், அது பிரிவு 3. மைனருக்கும் மனநலம் குன்றியவருக்கும் காலம் நின்று காத்திருக்கும். படிப்பறிவு இல்லாதவருக்கும் ஊருக்குப் பயந்தவருக்கும் நிற்காது.

இதே சட்டத்தில் இன்னொன்றையும் பாருங்கள். அரசு நம்மீது வழக்குப் போட 30 வருடம். ஒரு சட்டத்தின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக நாம் நஷ்டஈடு கேட்க, உறுப்பு 72ன்படி ஒரே வருடம். தாமதத்தைத் தாராளமாக மன்னிக்க வேண்டும் என்று எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டும் 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறதே, காதிஜி வழக்கு, அதில் நான்கு நாள் தாமதமாக வந்து மன்னிப்புப் பெற்றவர் யார் தெரியுமா? நிலம் கையகப்படுத்திய கலெக்டர்.

'தெரிய வந்த நாள்' என்பதும் எல்லோருக்கும் ஒன்றுபோல அமைவதில்லை. கோவாவைச் சேர்ந்த ஒரு செவிலியருக்கு 1993ல் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது வருடம் வலியோடு இருந்தார். 2002ல் மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே துணி இருந்தது. 2004ல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். காலம் கடந்துவிட்டது என்றது 2010ல் உச்ச நீதிமன்றம். காரணம்: வலி முதலிலேயே இருந்தது, அவர் அனுபவமுள்ள செவிலியர், அப்போதே மருத்துவரைக் கேட்டிருக்க வேண்டும். படிக்காதவரைப் பார்த்து 'சட்டம் தெரியாது என்பது சாக்கு அல்ல' என்பார்கள். படித்தவரைப் பார்த்து 'உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா' என்பார்கள்.

அவருக்காவது நுகர்வோர் ஆணையம் என்ற கதவு இருந்தது. மருத்துவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று 1995லேயே தீர்ப்பாகிவிட்டது. இரண்டு வருட வரம்புதான், ஆனால் தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு. வக்கீல்கள் அதற்குள் வர மாட்டார்கள் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், வக்கீலுக்குத் தண்டனை கிடைக்கலாம், நிலம் கிடைக்காது. நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் வழக்கு, தொகைக்கு ஏற்ற கோர்ட் கட்டணம். அதையும் இன்னொரு வக்கீல்தான் நடத்த வேண்டும்.

காலவரம்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி இருந்தால் இருபது வருடத்துக்கு முந்தைய புரோநோட்டோடு வண்டி வந்து நிற்கும், முதலில் மாட்டுவது நாம்தான். எப்போதிலிருந்து எண்ணுவது, யாருக்காக நிறுத்திவைப்பது என்பதில்தான் என் சண்டை.

நம் பிள்ளைகள் அவசியம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 4, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பொதுவான குற்றவியல் நடைமுறை வைத்திருக்கும் வரம்பும் ஒரு வருடம்தான். முன்பு 468, இப்போது புதிய சட்டத்தில் 514. நீதியின் நலன் கருதி நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நிர்வாக விசாரணையின் பரிந்துரை இல்லாமல் அந்தப் பிரிவில் வழக்கே பதிய முடியாது. எஃப்ஐஆர் போட மறுத்த ஆய்வாளர்மீது அந்த விசாரணை முடியும்வரை காத்திருந்து பாருங்கள், வருடம் எங்கே போனதென்று தெரியாது. ஆகவே மறுத்த அன்றே தேதி போட்டு, எழுத்தில், விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

அப்பாவிடம் குமாஸ்தாவுக்குக் கொடுத்த பணத்துக்கு ஒரு ரசீதுகூட இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, வழக்கு உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். உங்கள் வீட்டில், தெருவில் யாருக்காவது வழக்கு நடந்தால் அந்த எண்ணை வாங்கி வாருங்கள். இப்போதே கையில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.